இறக்கை நுனியைப் பிடித்திருந்தவள்

பழைய கேடட்டுகளே, நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி மூன்று முறை நினைவூட்டிவிட்டீர்கள். நம் குழுவின் தலைவர் எனக்கென்று தனியாக ஒரு குரல் பதிவும் அனுப்பினார். "இனிமையான நெனப்பா ஒண்ணு எழுதுங்க அம்மணி, படிக்கிற புள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கோணும்" என்றார். கூடவே என் படம் ஒன்றும் வேண்டுமாம். பதினாறு வயதில் முதன்முதலாகத் தனியே பறந்து இறங்கிய காலையில், கிளைடரின் மூக்கின்மேல் கை வைத்து நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம். அதை அட்டையில் போடப்போகிறீர்களாம். படம் இருக்கிறது. இனிமைதான் கைவசம் இல்லை.

போன மாதக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், மேடைக்குப் பின்னால் 'தன்னார்வ கிளைடர் பயிற்சியின் எதிர்காலம்' என்று ஆளுயரத்துக்குப் பேனர் கட்டியிருந்தீர்கள். எதிர்காலத்தைப் பற்றிப் பேச வந்தவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. மீதிப் பேருக்குக் காது. பரவாயில்லை, வயதானால் அப்படித்தான். ஆனால் மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போர்த்தியவருக்கும் போர்த்தினார்கள். மைக் பிடித்துக் கொடுத்தவருக்கும் போர்த்தினார்கள். எனக்குக் கிடைத்ததை இப்போது வண்டி துடைக்க வைத்திருக்கிறேன், தண்ணீரை இழுக்கவே மாட்டேன் என்கிறது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை காலைல ஆறு மணிக்குக் களத்துக்கு யாரெல்லாம் வருவீங்க?" என்றேன். கிளைடர் வாங்கலாம், ஷெட் போடலாம். சம்பளம் வாங்காமல், தூக்கத்தை விட்டு, யார் பெற்ற பிள்ளைக்கோ பறக்கக் கற்றுக்கொடுக்க வாராவாரம் ஆள் வேண்டுமே! எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் யாரோ ஒருவர் "சாப்பாடு ரெடிங்க" என்று அறிவித்தார். நம் மக்கள் எதிர்காலத்தை விட்டுவிட்டுப் பந்திக்கு ஓடிய வேகத்தைப் பார்த்தால் முழங்கால் தேய்மானம் எல்லாம் பொய் என்று தோன்றியது.

பந்தியில்தான் தலைவர் அந்த நல்ல செய்தியைச் சொன்னார். சத்தியமங்கலம் போகும் வழியில் மனை பிரித்து விற்கிற ஒருவர் இடம் தருகிறாராம். வள்ளலாம். முதல் நாள், முதல் பறப்பில், முன் சீட்டில் அந்த வள்ளலைத்தான் உட்கார வைக்கப்போகிறார்களாம். "அதுதானுங்க மரியாதை" என்றார் தலைவர். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே மரியாதையைத்தான் செய்தோம். அதை மறந்தா போனீர்கள்? மறக்கவில்லை. மறந்ததுபோல் இருக்கப் பழகிவிட்டீர்கள்.

நானும் பழகியவள்தான். அதனால் எழுதுகிறேன்.

*

நம் களம் கருமத்தம்பட்டிப் பக்கத்தில் என் பெரியப்பாவின் மேட்டாங்காடு. மழை ஏமாற்றிய வருஷங்களில் கொள்ளு விதைத்தால்கூட முளைக்காத நிலம் அது. எதற்கும் உதவாது என்று கிடந்ததைத்தான் கொடுத்தார். ஆனாலும் "அய்யா எடம் குடுத்தாருங்க, அய்யா மனசு ஆருக்குங்க வரும்" என்று ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பெரியப்பாவும் அதை முதல் முறை கேட்பவர்போலத் தலையை ஆட்டிக்கொள்வார். நெருஞ்சியும் சுக்கான் கல்லும் கிடந்த அந்தக் காட்டை நாம்தான் பொறுக்கிச் சமன் செய்தோம். என் கால் கட்டை விரலில் அந்தக் கல்லின் வடு இன்னும் இருக்கிறது.

பயிற்சியாளர் ஒரு நூற்பாலையில் இன்ஜினியர். வாரம் ஆறு நாள் மில்லில், ஏழாவது நாள் நம்மோடு. ஸ்கூட்டரில் வருவார். கையில் எப்போதும் ஒரு பை பனியன் வேஸ்ட் இருக்கும். மார்கழிப் பனியில் இறக்கையெல்லாம் நனைந்து கிடக்கும், அந்தத் துணியால்தான் துடைப்போம். மரச்சட்டத்தின்மேல் துணி இழுத்துக் கட்டி, சாயம் பூசிய மஞ்சள் கிளைடர். அந்தச் சாயத்தில் நகப்பூச்சு வாசனை அடிக்கும். இன்றைக்கும் என் பேத்தி நகத்துக்குப் பூசும்போது நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அவள் எனக்கு ஒவ்வாமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மலரைப் படிக்கப்போகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். களத்தின் ஒரு கோடியில் கிளைடர், மறு கோடியில் விஞ்ச். நடுவில் நீளமான இரும்புக் கேபிள். விஞ்ச் கேபிளைச் சுருட்டி இழுக்கிற வேகத்தில் கிளைடர் பட்டம்போல மேலே ஏறும். நம் விஞ்ச், ஒரு செத்த லாரியின் இன்ஜினை வைத்து உக்கடத்து மெக்கானிக் பாய் செய்தது. அவரும் தன்னார்வலர்தான். ஆனால் அவருக்கு ஒரு நாளும் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பாய் அத்தனை தூரத்தில் உட்கார்ந்திருப்பதால் குரல் கேட்காது. அதனால் களத்தின் ஓரத்தில் ஒரு கேடட் இரண்டு கைகளிலும் சிவப்பு மட்டைகள் வைத்துக்கொண்டு சைகை காட்டுவான். இரண்டு மட்டையையும் தலைக்குமேல் தூக்கினால் 'நிறுத்து' என்று அர்த்தம்.

கிளைடர் நகரும்வரை இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு சமமாக வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். கொஞ்ச தூரம் கூடவே ஓடிவிட்டுக் கையை விட வேண்டும். அந்த வேலையை நான் விரும்பிச் செய்வேன். ஓடும்போது இறக்கை தானாகக் கனம் குறைந்து கையை விட்டுக் கிளம்பும் அந்த நொடிக்காகவே செய்தேன்.

பயிற்சியாளர் முதல் நாள் சொன்ன பாடம் இதுதான். களத்தில் தப்பாக எதைப் பார்த்தாலும், யார் பார்த்தாலும், 'ஸ்டாப்' என்று கத்த வேண்டும். சின்னவர் பெரியவர் கிடையாது. கத்தியதற்குக் காரணம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். தப்பாகக் கத்தினாலும் தண்டனை இல்லை. இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரையும் கத்திக் காட்டச் சொன்னார். நம்மில் முக்கால்வாசிப் பேர் "ஸ்டாப்புங்க!" என்றோம். நினைவிருக்கிறதா? ஒருவன் "ஏனுங்க, ஸ்டாப்புங்க!" என்றே கத்தினான். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க ஏனுங்கன்னு கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அது ஏறிப் போயிருமுங்க கண்ணுகளா" என்றார். அவருக்கும் 'ங்க' விடவில்லை.

ஒருத்திக்கு மட்டும் அந்தத் தடுமாற்றம் இல்லை. பெண் கேடட்டுகள் நாங்கள் இருவர்தான். ஒருத்தி நான். இன்னொருத்தி கருமத்தம்பட்டித் தறிக்காரர் மகள். அவள் அப்பா நான்கு தறியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். தறி ஓடுகிற வீட்டில் 'சோறு போடு' என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு மெல்லப் பேசவே வராது. அன்று அவள் கத்திய 'ஸ்டாப்'பில் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடுகள் நிமிர்ந்து பார்த்தன. "இதாங்க குரலு!" என்று பயிற்சியாளர் கை தட்டினார். எங்கள் வீட்டில் மட்டும் "அந்தப் புள்ளைக்குத் தொண்டையா, சங்கா? பொட்டப்புள்ளயாட்டம் பேசச் சொல்லு" என்றார்கள்.

பறப்பதிலும் அவள்தான் முதல். கிளைடர் எந்தப் பக்கம் சரியப்போகிறது என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். தறியில் நூல் அறுவதற்கு முன்பே சத்தம் மாறும், அதுபோலத்தான் இது என்பாள். தை பிறந்ததும் நம் களத்திலிருந்து முதல் ஆளாகத் தனியே பறக்கப்போவது அவள் என்று முடிவாகியிருந்தது. பட்டியலில் இரண்டாவது பெயர் என்னுடையது. இரண்டாவதாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

*

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு பெரியப்பா பறக்க வந்தார். கஞ்சி மடிப்பு வேட்டி, தங்க பிரேம் கண்ணாடி, பின்னால் பத்துப் பேர். வானத்திலிருந்து தன் தோட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். பரம்பரையாக வாய்க்கால் வரப்பில் நின்று பார்த்தது போதவில்லை. கிளைடருக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நாம் அத்தனை பேரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தோம்.

கிளம்பும் முன் பயிற்சியாளர் ஒவ்வொரு பிடியாகக் கை வைத்து, வாய்விட்டுச் சொல்லிச் சரி பார்க்க வேண்டும். நம்மோடு பறக்கும்போது ஒரு நாளும் அதை விட்டதில்லை. அன்று விட்டார். முன் சீட்டில் இருப்பவரிடம் "அதத் தொடாதீங்க, கைய எடுங்க" என்று சொல்ல வேண்டியிருக்கும், அதுதான் காரணம். இடம் கொடுத்தவரிடம் கையை எடு என்று எப்படிச் சொல்வது? "அய்யா நீங்க சும்மா உக்காருங்க போதும்" என்று சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பெரியப்பா சும்மா உட்காரவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல இடது பக்கம் இருந்த நீலப் பிடியைப் பிடித்துக்கொண்டார். அதை இழுத்தால் இறக்கையின்மேல் ஒரு தகடு எழும்பும். இறங்கும்போது வேகத்தையும் உயரத்தையும் குறைப்பதற்கான தகடு. ஏறும்போது அது எழுந்து நின்றால் கிளைடர் சரியாக ஏறாது. பாதியில் வந்து விழும். இது நம் எல்லோருக்கும் மனப்பாடம்.

இறக்கை நுனியை நான்தான் பிடித்திருந்தேன். தகடு எழுந்து நின்றதை நான்தான் முதலில் பார்த்தேன். எனக்கும் அதற்கும் இடையில் நான்கைந்து முழம்கூட இல்லை.

கத்தினேனா? இல்லை. பெரியப்பாவைப் பார்த்து எப்படிக் கத்துவது என்று யோசித்தேன். 'பெரியப்பா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்' என்பதா, 'சார், தகட்டக் கொஞ்சம் பாருங்க' என்பதா என்று மனசுக்குள் வாக்கியத்தைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தேன். மட்டைக்காரன் கையை வீசிவிட்டான். தரையில் கிடந்த கேபிள் பாம்பாக நெளிந்து இறுக ஆரம்பித்தது. அப்போது எதிரில் கேபிளை மாட்டிவிட்டு ஒதுங்கி நின்ற தறிக்காரர் மகளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"ஸ்டாப்!"

அவள்தான் கத்தினாள். மட்டைகள் இரண்டும் தலைக்குமேல் போயின. பாய் அந்த நொடியே விஞ்சை நிறுத்தினார். கிளைடர் இரண்டு முழம் நகர்ந்து வெடுக்கென்று நின்றது. பெரியப்பாவின் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மடியில் விழுந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களில் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். அந்த இருமல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பெரியப்பா இறங்கினார். வேட்டியை உதறிக் கட்டினார். எதற்கு நிறுத்தினார்கள் என்று கேட்கவில்லை.

"ஆரு அது கத்துனது?" என்றுதான் கேட்டார்.

*

ஷெட்டில் பஞ்சாயத்து. இரும்பு நாற்காலிகளில் பெரியவர்கள், வாசலில் நாம். பெரியப்பா நடுவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். தகடு எழுந்தது உண்மை என்றால் ஒன்று பெரியப்பா தொடக் கூடாததைத் தொட்டிருக்க வேண்டும், அல்லது பயிற்சியாளர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை என்றாக வேண்டும். இரண்டையும் சொல்ல அங்கே யாருக்கும் நாக்கு இல்லை. மூன்றாவது வழி சுலபமாக இருந்தது. தகடு எழவே இல்லை, அந்தப் பெண் கொழுப்பெடுத்துக் கத்தினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நம் சீருடைக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு செய்தார்கள்.

மட்டைக்காரனைக் கேட்டார்கள். "சத்தங் கேட்டுதுங்க, கை தானா மேல போயிருச்சுங்க. வேறொண்ணும் பாக்கலீங்க" என்றான். அவன்தான் இன்றைக்கு நம் குழுவின் தலைவர். கை தானாக மேலே போன ஒரே நல்ல காரியத்துக்கு அன்றே மன்னிப்பும் கேட்டுவிட்டவர்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பனியன் வேஸ்டைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"கண்ணு, நீதானல்லொ றெக்கையப் புடிச்சிருந்த. தகடு மேல இருந்துதா?"

"இல்லீங்" என்றேன்.

எவ்வளவு மரியாதையான சொல் பாருங்கள். தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு பொய்யை அழகாக மடித்துக் கொடுத்தேன். பெரியப்பா, "எங்க ஊட்டுப் புள்ள பொய் சொல்லாதுங்க" என்றார். நீங்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றீர்கள். உங்களில் நாலு பேராவது தகட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வாயிலிருந்தும் காற்றுகூட வரவில்லை.

அய்யாவிடம் மன்னிப்புக் கேள் என்று அவளிடம் சொன்னார்கள். "தகடு மேல இருந்துதுங்க. நான் எதுக்குக் கேக்கோணும்?" என்றாள். அதே தறிக்குரல். ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. அந்தக் குரலுக்காகவே அவளைத் தூக்கி வைத்து ஆடிய பயிற்சியாளர், "இந்த வாயிதான் உனக்கு வெனை" என்றார். அவள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

வந்து பேசியவர் பாய் ஒருவர்தான். விஞ்சிலிருந்து அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்தார். "கத்துனதுனாலதானுங்க நிறுத்துனேன். நிறுத்துனதுனாலதானுங்க அய்யா உக்காந்து மோர் குடிக்கிறாரு" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இன்னொரு ஆள் வந்து விஞ்சை ஓட்டினான்.

*

தை மாதம் நான் தனியே பறந்தேன். அவளுக்கென்று வைத்திருந்த காலை அது.

துக்கமாக இருந்தது, குற்ற உணர்ச்சி குத்தியது என்றெல்லாம் எழுதினால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். பொய் போதும். சந்தோஷமாகத்தான் இருந்தது. கேபிள் 'டக்'கென்று கழன்று விழுந்ததும் சத்தம் அடங்கி, காற்று மட்டும் கண்ணாடி மூடியை உரசியது. மூடியின்மேல் ஒட்டியிருந்த சிவப்பு நூல் நேராகப் படுத்துக்கொண்டது. நேராகப் பறக்கிறேன் என்று அர்த்தம். கீழே நாய் குரைப்பதுகூடக் கேட்டது. கருமத்தம்பட்டிக் கூரைகளுக்குமேல் வந்தபோது அத்தனை தறிகளின் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து மேலே வந்தது. ஒரு வாசலில் ஒரு சின்ன உருவம் வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. நான் கையை ஆட்டினேன். அது ஆட்டவில்லை.

இறங்கியதும் படம் எடுத்தார்கள். நீங்கள் அட்டையில் போடக் கேட்கிற படம் அதுதான்.

மாசி மாதம் பெரியப்பா மறுபடியும் வந்தார். தோட்டத்தைப் பார்க்காமல் விடுவாரா? அதே கற்பூரம், அதே சல்யூட். பயிற்சியாளர் அன்றும் எதையும் சொல்லிச் சரி பார்க்கவில்லை. ஒரு முறை சொல்லாமல் விட்டதை மறுமுறை சொன்னால், போன தடவை சொல்லாதது தெரிந்துவிடுமே! அதே நீலப் பிடி. அதே தகடு. இந்த முறை இறக்கை நுனி வேறொருவன் கையில் இருந்தது. நான் சல்யூட் வரிசையில் நின்றேன். நமக்கெல்லாம் கண் நன்றாகத் தெரிந்த வயசு அது. தகடு எழுந்து நின்றதை மொத்த வரிசையும் பார்த்தது. ஒருவரும் கத்தவில்லை. கத்தினால் என்ன கிடைக்கும் என்று மார்கழியில்தானே நமக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். முதல் நாள் பாடத்தைவிட அது நன்றாக மனசில் ஏறியிருந்தது.

கிளைடர் பனை உயரம் ஏறித் திணறியது. பயிற்சியாளர் கேபிளைக் கழற்றிவிட்டார். மூக்கு தாழ்ந்து, களத்தைத் தாண்டி, கிளுவை வேலியில் போய் மோதியது. மரம் முறிகிற சத்தத்தைவிடத் துணி கிழிகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பெரியப்பாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பயிற்சியாளரால் எழுந்திருக்க முடியவில்லை. கிளுவைப் பால் முகமெல்லாம் வடிய, "புள்ளைகள அக்கட்டால போகச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் கோல் இல்லாமல் நடந்ததில்லை.

என்ன காரணம் என்று பெரியவர்கள் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். திருஷ்டி. களத்தின் நடுவில் ஒரு பெரிய பூசணிக்காயை உடைத்துவிட்டுப் பயிற்சியை நிறுத்தினார்கள். சோற்றில் மறைத்த பூசணிக்காயை அப்படி ஒரு வழியாக வெளியே எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். உடைந்த கிளைடர் ஷெட்டிலேயே கிடந்தது. பெரியப்பா வீட்டுக் கோழிகள் முன் சீட்டில் முட்டை வைத்தன.

பயிற்சியாளரைப் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "காத்து மாறிப்போச்சு கண்ணு, அன்னைக்கு" என்றார், நான் கேட்காமலே. அவர் கெட்டவர் இல்லை. இடம் கைவிட்டுப் போனால் பிள்ளைகள் பறக்க முடியாதே என்று பயந்துதான் ஒரு பிள்ளையைப் பலி கொடுத்தார் என்று இப்போது புரிகிறது. இடமும் போயிற்று, இடுப்பும் போயிற்று, அந்தப் பிள்ளையும் போனாள். புரிகிறது என்பதால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

*

கூட்டம் முடிந்த அன்று தலைவரிடம் கேட்டேன், தறிக்காரர் மகளைக் குழுவில் சேர்க்கவில்லையா என்று. "ஆருங்க அது? நெனப்பே வல்லீங்களே" என்றார். சாம்பாரில் எத்தனை முருங்கைக்காய் இருந்தது என்பதுவரை நினைவு வைத்திருக்கிற மனிதர்.

மறுநாள் நானே கருமத்தம்பட்டிக்குப் போனேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் தெரிகிறது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறாள். வாசலில் ஒரு பெண்ணுக்குக் கிளட்ச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த குரல் தெருமுனையிலேயே கேட்டது. என்னை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அட, றெக்கைக்காரி! வா வா, உக்காரு. தண்ணி குடி மொதல்ல" என்றாள்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வள்ளலைச் சொன்னேன். பொன்னாடையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அன்னைக்குத் தகடு மேலதான் இருந்துது. நான் பாத்தேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீ தகட்டப் பாத்த. உங்க பெரியப்பனப் பாத்த. அப்பறம் என்னையப் பாத்த. சரி, இவ கத்த மாட்டா, நம்மளக் கத்தச் சொல்றான்னு புரிஞ்சுது. கத்திபோட்டேன்."

நாற்பது வருஷமாக நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அதைவிடக் கேவலம் என்பது அன்றுதான் தெரிந்தது. ஆபத்தான வேலையைக் கண்ணாலேயே அவளிடம் தள்ளிவிட்டு, அதற்கான கூலியையும் அவளுக்குக் கிடைக்கவிடாமல் செய்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"நீ பறந்தன்னைக்குத் தறிய நிறுத்திபோட்டு வாசலுக்கு வந்து பாத்தேன். நல்லாத்தான் பறந்த. கைய ஆட்டுன பாரு, அப்பத்தான் உன்னைய அடிக்கோணும்னு இருந்துது" என்றாள்.

புதுக் களத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன். ஞாயிறு காலை அவளுக்கு வகுப்பு இல்லையாம்.

"வாரேன்னு சொல்லு. ஆனா மொத நாளு உங்க வள்ளல் உள்ள ஏறி உக்காந்து, கேபிளு இறுகுற நேரத்துல நான் ஸ்டாப்புன்னு கத்துவேன். ஒரு தப்பும் இல்லாட்டியும் கத்துவேன்."

"தப்பு இல்லாம எதுக்கு?"

"எறங்கி வந்து என்ன கேக்கறாருன்னு பாக்கத்தான். எதுக்குன்னு கேட்டாருன்னா புள்ளைகளச் சேத்தலாம். ஆருன்னு கேட்டாருன்னா ஷெட்டப் பூட்டிபோட்டு எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போங்க."

பழைய கேடட்டுகளே, எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இவ்வளவுதான் அது. முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிடும். இப்படி வெளிப்படையாக எழுதிவிட்டாயே, வள்ளல் உஷாராகிவிடமாட்டாரா என்று கேட்காதீர்கள். இதை நீங்கள் அச்சில் போடமாட்டீர்கள், வள்ளலிடம் காட்டவும் மாட்டீர்கள். முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டு படத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். கீழே 'இது இன்னொருத்தியின் காலை' என்று ஒரு வரி போடுவீர்கள் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு ஆறு மணிக்கு நானும் வருகிறேன். இறக்கை நுனியை நான்தான் பிடிப்பேன். முழங்கால் வலித்தாலும் நாலு எட்டு ஓடுவேன். தகடு எழுந்தால் இந்த முறை அவள் முகத்தைப் பார்க்கமாட்டேன்.